கிழவர் போட்ட மனு

நூறு டாலர் நோட்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பொதுவாக நோட்டில் நாம் பார்ப்பது எண்ணைத்தான். பார்த்த மாத்திரத்தில் மனசு அதை ரூபாயாக்கிப் பெருக்கத் தொடங்கிவிடும். அடுத்த முறை வாய்ப்புக் கிடைத்தால், பெருக்கல் கணக்கை ஒரு நிமிடம் ஒத்திவைத்துவிட்டு அதிலுள்ள முகத்தைப் பாருங்கள். முன்பக்கம் வழுக்கை. காதோரமாக இறங்கித் தோளைத் தொடுகிற முடி. கனத்த தாடை. சிரித்துவிடலாமா, அடக்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிற உதடு.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இடி மழையில் பட்டம் விட்டவர். இடிதாங்கி கண்டுபிடித்தவர். அமெரிக்க சுதந்தரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். சொல்லித் தராத சங்கதி ஒன்று உண்டு. நோட்டில் இருக்கிற அந்த முகம், அவர் பிரான்சில் இருந்த நாளில் டூப்ளெசி என்கிற ஓவியர் வரைந்த சித்திரத்தை ஒட்டியது. அந்த வருடங்களில் முகத்தின் சொந்தக்காரர் பகலெல்லாம் தன் தேசத்துக்காகக் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் தனக்காக வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடன் கிடைத்தது. அந்த வேறொன்று கிடைக்கவில்லை. ஆனால் அதை அவர் கேட்ட விதம் இருக்கிறதே, அதுதான் இந்த வார விஷயம்.

உலகத்திலேயே கஷ்டமான பேச்சு எது தெரியுமா? மேடைப்பேச்சு இல்லை. மனசுக்குப் பிடித்துப்போன ஒருவர் எதிரில் போய் நின்று முதல் வார்த்தையைச் சொல்வது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நேற்று ராத்திரி கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் காணாமல் போகும். இந்த பயத்துக்கு ஆண்கள் காலங்காலமாக இரண்டு மருந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று, பந்தா. என் வண்டி, என் வேலை, என் செல்வாக்கு என்று அடுக்குவது. இன்னொன்று, கிண்டல். அந்தப் பெண்ணையே நாலு பேர் முன்னால் கேலி செய்து, அதற்குக் காதல் என்று பெயர் வைப்பது. நம் சினிமா கதாநாயகர்கள் பலர் இந்த இரண்டாவது மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தவர்கள்.

மூன்றாவதாக ஒரு மருந்து இருக்கிறது. கொஞ்சம் கசக்கும். கேலியின் முனையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது. ‘என் லட்சணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், இருந்தாலும் வந்திருக்கிறேன்’ என்று சொல்வது. ஃபிராங்க்ளின் இந்த வைத்தியத்தில் கைதேர்ந்தவர். பிறவியிலேயே வந்த கலையா என்றால், அதுதான் இல்லை.

*

1723, அக்டோபர் மாதம். பதினேழு வயதுப் பையன் ஒருவன் பாஸ்டனில் அண்ணனிடம் சண்டை போட்டுக்கொண்டு ஓடி வந்து ஃபிலடெல்ஃபியாவில் இறங்குகிறான். அழுக்கு உடை. சட்டைப்பையில் மாற்றுத் துணியைத் திணித்துத் திணித்துப் பை புடைத்துக்கொண்டிருக்கிறது. பசி. ரொட்டிக் கடையில் மூன்று பென்ஸ் நீட்டினால், எதிர்பாராத அளவுக்குப் பெரிய ரொட்டியாக மூன்று தருகிறார்கள். வைத்துக்கொள்ள இடமில்லை. இரண்டு அக்குளிலும் ஒவ்வொன்றை இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைக் கடித்தபடி தெருவில் நடக்கிறான். வாசலில் நின்ற ஒரு பெண் இந்தக் கோலத்தைப் பார்த்து, ‘என்ன ஜென்மம் இது!’ என்கிற மாதிரி பார்த்தாளாம்.

அந்தப் பெண் டெபோரா ரீட். பிற்பாடு அவன் மனைவி. இந்தக் கதையை நமக்குச் சொன்னவர் வேறு யாருமில்லை. தன் சுயசரிதையில் ஃபிராங்க்ளினே எழுதிவைத்துவிட்டுப் போனது.

ஆனால் ரொட்டியோடு நடந்த பையனுக்கு அன்று அது நகைச்சுவையாகத் தெரிந்திருக்காது. அடுத்த சில வருடங்களில் அவன் கல்யாணத்தை அணுகிய விதத்தைப் பாருங்கள். அச்சகம் வைத்தாகிவிட்டது. கடனும் வைத்தாகிவிட்டது. வீட்டில் ஒரு பகுதியில் குடியிருந்த காட்ஃப்ரே தம்பதி தங்கள் சொந்தக்காரப் பெண்ணைப் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள். பெண் நல்ல பெண். மாப்பிள்ளை என்ன கேட்டார் தெரியுமா? அச்சகக் கடன் பாக்கி அடைபடுகிற அளவுக்கு வரதட்சணை. ஏறக்குறைய நூறு பவுண்டு. எங்களிடம் அவ்வளவு இல்லையே என்று பெண் வீட்டார் சொல்ல, வீட்டை அடமானம் வைத்துத் தரலாமே என்று யோசனை சொன்னார் நம்ம ஆள். சம்பந்தம் முறிந்தது. பின்னே?

இதையும் அவரே எழுதியிருக்கிறார். வரவு செலவுக் கணக்காகப் பெண் கேட்டவன், கடைசியில் 1730-ல் அந்த ரொட்டிக் கோலத்தைப் பார்த்த டெபோராவுடனேயே குடித்தனத்தைத் தொடங்கினான்.

டெபோரா கடையைப் பார்த்துக்கொண்டார், கணக்கைப் பார்த்துக்கொண்டார், வீட்டைப் பார்த்துக்கொண்டார். கப்பல் என்றால் அவருக்கு பயம். கணவர் லண்டனுக்குப் போனார், வந்தார், 1764-ல் மறுபடி போனார். இந்த முறை வரவில்லை. 1769 வாக்கில் டெபோராவுக்குப் பக்கவாதம். வாருங்கள், வாருங்கள் என்று கடிதம் போனது. இதோ வருகிறேன், அடுத்த வசந்தத்தில் வருகிறேன் என்று பதில் வந்தது. 1774 டிசம்பரில் டெபோரா இறந்தார். கணவரைப் பார்த்துப் பத்து வருடமாகியிருந்தது. ஃபிராங்க்ளின் ஊர் திரும்பியது 1775 மே மாதம்.

இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

*

1776, டிசம்பர். சுதந்தரம் என்று அறிவித்தாகிவிட்டது. பிரிட்டனோடு சண்டை போடக் காசில்லை. காசு இருக்கிற இடம் பிரான்ஸ். யாரை அனுப்பலாம் என்று யோசித்து, எழுபது வயதுக் கிழவரைக் கப்பலேற்றிவிட்டார்கள். காடு வா வா என்கிற வயதில் அவர் போய் இறங்கியது பாரிஸ் ஓரத்தில் பாஸி என்கிற ஊரில்.

பொய்முடி வைக்காத தலையை அன்றைய பாரிஸ் கனவான்கள் கற்பனைகூட செய்ய மாட்டார்கள். இவர் பொய்முடி இல்லாமல், ஒரு ரோமத் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். மண்டையில் தோல் நோய், அதை மறைக்கத்தான். பாரிஸ் அதை ‘காட்டு ஞானியின் எளிமை’ என்று எடுத்துக்கொண்டது! அவர் முகம் மோதிரத்தில் வந்தது, பொடி டப்பாவில் வந்தது, பதக்கத்தில் வந்தது. இப்போதெல்லாம் என் மூஞ்சி நிலாவைப் போல எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று மகளுக்குக் கடிதம் எழுதினார்.

பிரெஞ்சு? அதுவும் தடுமாற்றம்தான். அந்த பாஷையில் மேஜை, நாற்காலிக்கெல்லாம் ஆண்பால், பெண்பால் உண்டு. கிழவர் சகட்டுமேனிக்கு மாற்றிப் போடுவார். ஒருமுறை ஏதோ ஒரு சபை. பேச்சாளர் பேசுவது வேகத்தில் புரியவில்லை. புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். தெரிந்த சீமாட்டி ஒருவர் எப்போதெல்லாம் கை தட்டுகிறாரோ அப்போதெல்லாம் தானும் தட்டுவது. கூட்டம் முடிந்ததும் பேரன் சொன்னான்: தாத்தா, உங்களைப் புகழ்ந்த இடத்தில்தான் நீங்கள் எல்லோரையும்விட பலமாகத் தட்டினீர்கள்!

இன்னொருவராக இருந்தால் ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார். இவருக்கோ இதெல்லாம் கச்சாப் பொருள்.

*

பாஸியில் பக்கத்து வீட்டுப் பெண்மணி மேடம் பிரியோன். முப்பதுகளின் தொடக்கம். பியானோ வாசிப்பார், சொந்தமாகப் பாட்டு அமைப்பார். கணவர் அவரைவிட இருபது வயதுக்கும் மேல் மூத்த அரசாங்க அதிகாரி. புதனும் சனியும் ஃபிராங்க்ளின் அங்கே ஆஜர். தேநீர், இசை, சதுரங்கம். ஒரு நாள் மேடம் குளியல் தொட்டியில் இருக்க (பதறாதீர்கள், தொட்டிக்கு மேலே பலகை மூடியிருக்கும், அன்றைய வழக்கம்), அதே அறையில் இன்னொரு நண்பரோடு கிழவர் ராத்திரி பதினோரு மணி தாண்டிச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. உங்களை அத்தனை நேரம் தண்ணீரிலேயே உட்காரவைத்துவிட்டேனே, இனி அந்த அறையில் ஆடவே மாட்டேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

மேடம் பிரியோன் அவரை ‘அன்பான அப்பா’ என்று கூப்பிடுவார். அப்பாவுக்கோ மகள் உறவு போதவில்லை. கேட்டார். மேடம் மறுத்தார். மறுபடி கேட்டார். மறுபடி மறுப்பு. அப்போது கிழவர் என்ன செய்தார் தெரியுமா?

1778 பிப்ரவரி 6-ம் தேதி அவர் பிரான்சோடு நிஜமான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். ஜூலை மாதம் அதே தோரணையில் மேடத்துக்கு ஒரு சமாதான ஒப்பந்தம் எழுதி அனுப்பினார். ஷரத்து ஷரத்தாக. இரு தரப்புக்கும் நிரந்தர சமாதானம். மேடம் கூப்பிடும்போதெல்லாம் ஃபிராங்க்ளின் வர வேண்டும். மேடம் விரும்பும் வரை இருக்க வேண்டும். தேநீர் குடிக்கச் சொன்னால் குடிக்க வேண்டும், சதுரங்கம் ஆடச் சொன்னால் ஆட வேண்டும். வேறு எந்தப் பெண்ணையும் நேசிக்கக் கூடாது. இது மேடம் தரப்பு. ஃபிராங்க்ளின் தரப்பு? இஷ்டப்பட்டால் கிளம்பிவிடலாம். இஷ்டப்பட்ட நாள்வரை வராமலிருக்கலாம். வந்தால் இஷ்டப்பட்டதைச் செய்யலாம். எந்தப் பெண் நேசிக்கும்படியாக இருந்தாலும் நேசிக்கலாம். எழுதிவிட்டு, இந்த ‘இஷ்டப்பட்டதைச் செய்யலாம்’ ஷரத்துக்கு உங்கள் சம்மதம் கிடைக்குமென்று எனக்கே பெரிய நம்பிக்கை இல்லை என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்.

(இடையில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. அந்த நிஜ ஒப்பந்தத்தால் பிரிட்டனும் பிரான்சும் மோதிக்கொண்டன. அந்த நெருப்பு இங்கே வரைக்கும் பிடித்தது. கிழவர் விளையாட்டுச் சமாதானம் எழுதிய அதே கோடையில், ஆகஸ்டில், மதராஸிலிருந்து போன ஆங்கிலேயப் படை பாண்டிச்சேரியை முற்றுகையிட்டது. அக்டோபரில் ஊர் விழுந்தது.)

அடுத்து, கீல்வாதம். 1780-ல் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தார். பெண்கள் மேல் ஆசை அதிகமானதால்தான் வாதம் என்று மேடம் பிரியோன் கிண்டலாகக் கவிதை எழுதினார். கிழவர் பதில் கொடுத்தார்: இளமையில் எனக்குப் பெண்களின் கருணை தாராளமாகக் கிடைத்தது, அப்போது வாதம் இல்லை. பாஸி பெண்கள் அதே கருணையைக் காட்டியிருந்தால் இப்போதும் வந்திருக்காது! அதோடு விடவில்லை. தனக்கும் தன் வாதத்துக்கும் நள்ளிரவில் நடக்கிற உரையாடல் என்று ஒன்றை எழுதினார். அதில் ஜெயிப்பது வாதம்தான். மேடம் வீட்டுத் தோட்டத்தில் அழகான நூறு படிக்கட்டு இருக்கிறது, ஏறி இறங்கியிருக்கிறாயா? சாப்பிட்டால் சதுரங்கப் பலகை, கிளம்பினால் கோச்சு வண்டி என்று வாதம் அவரை வாங்கு வாங்கென்று வாங்குகிறது. பதில் சொல்ல முடியாமல் ‘ஐயோ, அம்மா’ என்று கத்துகிறார் ஃபிராங்க்ளின்.

கவனித்தீர்களா? ஒப்பந்தத்தில் அசடு வழிவது அவர். உரையாடலில் அடி வாங்குவது அவர். மேடம் எங்கேயும் சிறுமைப்படவில்லை. ‘முடியாது’ என்று சொன்ன பெண்ணை வாசகர் யாரும் குறையாக நினைக்க ஒரு வரி கிடையாது. புதனும் சனியும் தேநீர் தொடர்ந்தது.

*

இப்போது முக்கிய கதாநாயகி. மேடம் ஹெல்வேஷியஸ். பாஸிக்கு அடுத்த ஊரான ஓட்டோயில் இருந்த விதவை. கணவர் பெரிய தத்துவஞானி, 1771-ல் காலமானார். மேடத்துக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு நிறைய நாய், பூனை, கோழி, வாத்து. மொரெலே, லா ரோஷ் என்று இரண்டு பாதிரியார்கள், கபானி என்று ஒரு இளைஞர் அங்கேயே வாசம். அரட்டை, சாப்பாடு, பாட்டு, விவாதம். மேடம் எழுதினால் எழுத்துப் பிழை தாங்காது. பேசினால் பாரிஸே கேட்கும்.

1784-ல் அபிகெயில் ஆடம்ஸ் இவரைப் பார்த்தார். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸின் மனைவி, கட்டுப்பெட்டியான நியூ இங்கிலாந்துக் குடும்பம். பார்த்ததை உறவுப் பெண்ணுக்கு எழுதிய கடிதம் ஒரு காமெடி டிராக். அந்த அம்மாள் பாதி நேரம் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். கழுத்தைச் சுற்றிக் கை போட்டாளாம். சாப்பாடு முடிந்ததும் சோபாவில் சரிந்து, பாதத்துக்கு மேலும் தெரியும்படி உட்கார்ந்தாளாம். மடி நாய் தரையை ஈரமாக்க, தன் உள்ளாடையாலேயே துடைத்தாளாம். போதும், போதும் என்றாகிவிட்டது அபிகெயிலுக்கு.

ஃபிராங்க்ளினுக்குப் போதவில்லை. அவர் வீட்டு ஈக்கள் எழுதுவதாக மேடத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். உங்கள் தயவால் இங்கே சிலந்தி வலையெல்லாம் ஒழிந்தது, நன்றி. எங்களுக்கு ஒரே ஒரு குறைதான். நீங்கள் இருவரும் ஒரே குடும்பமாகிவிட்டால் நன்றாயிருக்கும். இப்படிப் போகிறது அது. கேட்பது ஈ. கேட்கவைத்தது யாரென்று மேடத்துக்குத் தெரியும்.

நேரடியாகவும் கேட்டார். கல்யாணம் செய்துகொள்ளலாமா? மேடம் சொன்னார்: முடியாது. என் கணவரின் நினைவுக்காக இப்படியே இருந்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் ஒரு கடிதம் வந்தது. அவர் எழுதியதிலேயே புகழ்பெற்றது. 1778 டிசம்பரை ஒட்டி எழுதியது, பிறகு பாஸியில் தன் வீட்டில் வைத்திருந்த அச்சகத்திலேயே அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். கதை இதுதான்.

உங்கள் மறுப்பைக் கேட்டு மனமொடிந்து வீட்டுக்குப் போனேன். படுக்கையில் விழுந்தேன். செத்தும்விட்டேன். சொர்க்கத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். தத்துவஞானிகளை என்றேன். பக்கத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், சாக்ரடீஸ், ஹெல்வேஷியஸ் என்றார்கள். முதலில் ஹெல்வேஷியஸையே பார்க்கிறேன், எனக்கு பிரெஞ்சு கொஞ்சம் வரும், கிரேக்கம் சுத்தமாக வராது என்றேன். ஹெல்வேஷியஸ் நன்றாக வரவேற்று உலக நடப்பெல்லாம் விசாரித்தார். மனைவியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அவர் இன்னும் உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறார், என்னைக்கூட உங்களுக்காக மறுத்துவிட்டார் என்றேன். ஐயோ பாவம், நான் இங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டேன், அவளை மாதிரியே ஒருத்தியாகத் தேடிப் பிடித்தேன், இதோ வருகிறாள் என்றார். வந்தது யார் என்று பார்த்தால்... என் டெபோரா! நீ என் மனைவியாயிற்றே என்று உரிமை கொண்டாடினேன். டெபோரா முகத்தில் சிரிப்பில்லை. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு உங்களுக்கு நல்ல மனைவியாக இருந்தேன், அதோடு திருப்திப்படுங்கள், இங்கே எனக்குப் புது சம்பந்தம் ஆகிவிட்டது, இது நிரந்தரம் என்று சொல்லிவிட்டாள். கோபம் வந்தது. மறுபடி பூமிக்கே திரும்பி வந்துவிட்டேன். வாருங்கள் மேடம், நாம் இருவரும் சேர்ந்து அவர்களைப் பழிவாங்குவோம்!

படித்துவிட்டு பாரிஸ் விழுந்து விழுந்து சிரித்தது. நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு, கொஞ்சம் முன்பு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதை எடுங்கள். பத்து வருடம் காத்திருந்து செத்துப்போன டெபோரா. சொர்க்கத்தில்கூட அவர் இந்தக் கணவரை ஏற்கவில்லை. அப்படி எழுதியது யார்? அந்தக் கணவர். காதலுக்கு விண்ணப்பம் போடுகிற காகிதத்தில், தன் பழைய மனைவி தன்னை வேண்டாமென்று சொல்ல நியாயம் இருக்கிறது என்பதையும் ஒருவன் எழுதுகிறான். தன்னைக் கேலி செய்துகொள்வது என்றால் வழுக்கையையும் தொப்பையையும் சொல்லிச் சிரிப்பது மட்டும் இல்லை. அது சுலபம், யாரும் செய்யலாம். உண்மையிலேயே உறுத்துகிற இடத்தில் கை வைப்பதுதான் கஷ்டம்.

*

எல்லாம் சரி, இது அந்தப் பெண்மணிக்கு எப்படி இருந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கதையை முடித்தால் நியாயமில்லை.

கிழவர் நிஜமாகத்தான் கேட்டாரா, விளையாட்டுக்குக் கேட்டாரா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்று வரை வாதம் செய்கிறார்கள். நகைச்சுவையின் சௌகரியமே அதுதான். ‘சரி’ என்றால் நிஜம். ‘இல்லை’ என்றால், ‘சும்மா தமாஷுக்கு’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். கேட்பவனுக்கு நஷ்டமில்லை. ஆனால் கேட்கப்பட்டவருக்கு? நிஜமா, விளையாட்டா என்று பிரித்துப் பார்க்கிற வேலை முழுக்க அவர் தலையில் விழுகிறது.

மேடம் ஹெல்வேஷியஸ் யோசனை கேட்டது துர்கோவிடம். பிரான்சின் நிதி மந்திரியாக இருந்த பொருளாதார மேதை. அவரே இளமையில் மேடத்தைப் பெண் கேட்டு மறுக்கப்பட்டவர். மேடம் விதவையான பிறகு இன்னொரு முறை கேட்டு, இன்னொரு முறை மறுக்கப்பட்டவர். அந்த மனிதரிடம் போய் ஃபிராங்க்ளினைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்? வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் துர்கோ அப்போது நண்பர் ஒருவருக்கு எழுதியதில் ஒரு தகவல் இருக்கிறது. இந்தக் கலாட்டாவால் மேடத்தின் நிம்மதியே போய்விட்டது. மறக்க முடிந்தால் மறக்கலாம் என்று 1780 கோடையில் டூர் என்கிற ஊருக்கு, உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

ஊரே சிரித்த ஜோக். சம்பந்தப்பட்டவரோ ஊரை விட்டே கொஞ்ச நாள் விலகிப் போக வேண்டியிருந்தது. ஜோக்குக்கு இப்படி ஒரு பில் வருமென்று எழுதியவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. ஆனால் பில் வந்ததும் என்ன செய்தார் என்பதில்தான் மனுஷன் தெரிகிறார்.

பழிவாங்கினாரா? இல்லை. மேடத்தைப் பற்றி நாலு பேரிடம் இழிவாகப் பேசினாரா? கிடையாது. போவதை நிறுத்தினாரா? அதுவும் இல்லை. கல்யாணப் பேச்சை எடுத்தவர் நண்பராகவே மிச்ச வருடங்களைக் கழித்தார். அபிகெயில் ஆடம்ஸ் முகம் சுளித்த காட்சி நடந்தது இதற்கெல்லாம் நாலு வருடம் கழித்து என்பதைக் கவனியுங்கள். மறுத்த பெண் மறுக்கப்பட்டவர் கழுத்தில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறார் என்றால், அந்த மறுப்புக்கு அவர் எந்த விலையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

கடன் வாங்குவதில் ஒரு அடிப்படை உண்டு. ‘தர முடியாது’ என்று சொல்லும் உரிமை எதிராளிக்கு இருக்கும்வரைதான் அது கடன். அந்த உரிமை இல்லாவிட்டால் அதற்குப் பெயர் வழிப்பறி. வெர்சாயில் மந்திரிகளிடம் போய் நின்று கடன் கேட்டவருக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. இளமையில் வீட்டை அடமானம் வைத்துத் தரச் சொன்ன மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. நடுவில் ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே, நீங்கள் யாரிடமாவது போய்ப் பேசலாம் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தால், தாத்தாவிடமிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம். சிரிக்கவையுங்கள், ஆனால் சிரிப்புக்கு ஆள் நீங்களாக இருங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் கேட்டது நிஜம்தான் என்றால் ஒரு கட்டத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு நேராகச் சொல்லிவிடுங்கள். பதில் எதுவானாலும், அதைச் சொன்னவர் அடுத்த நாள் உங்களைப் பார்த்து வழியை மாற்றிக்கொண்டு போகிற நிலைமை வரக்கூடாது. கேலி உங்கள் மேல் என்றால் செலவும் உங்களுடையதே.

*

1785, ஜூலை. ஃபிராங்க்ளின் ஊர் திரும்புகிறார். சிறுநீர்ப்பையில் கல். கோச்சு வண்டியின் குலுக்கலை உடம்பு தாங்காது. ராணியின் பல்லக்கைக் கோவேறு கழுதைகள் சுமக்க, எழுபத்தொன்பது வயது மனிதரைப் பாஸியிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊர் ஜனம் மௌனமாக நின்று பார்த்தது.

லெ ஆவ்ர் துறைமுகத்தில் அவருக்கு ஒரு கடிதம் காத்திருந்தது. மேடம் ஹெல்வேஷியஸ் எழுதியது. வழியில் வலி அதிகமாக இருக்குமே என்று கவலைப்பட்டிருந்தார். கஷ்டமாயிருந்தால் எங்களிடமே திரும்பி வந்துவிடுங்கள் என்று கெஞ்சியிருந்தார்.

அவர் திரும்பவில்லை. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கடிதம் மட்டும் போனது. கனவில் உங்களோடு காலைச் சாப்பாடு சாப்பிடுகிறேன், உங்கள் தோட்டத்தில் நடக்கிறேன் என்று எழுதினார். 1790 ஏப்ரல் 17-ல் இறந்துபோனார். மேடம் ஹெல்வேஷியஸ் இன்னும் பத்து வருடம், 1800 வரை இருந்தார். கடைசி வரை யாரையும் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

கிழவரின் மனு தள்ளுபடிதான். ஆனால் மனுவைத் தள்ளிய அதே கை ‘திரும்பி வாருங்கள்’ என்று எழுதியது. யோசித்துப் பாருங்கள், ‘சரி’ வாங்கியவர்களிலேயே எத்தனை பேருக்கு அப்படியொரு கடிதம் வந்திருக்கும்?